மயில் கழுத்தில் பதிந்த கை

அத்தியாயம் 17

போன வாரம் மழையில் விட்டுவிட்டு வந்தோம். திண்டிவனத்தில் மலர்விழி வீட்டு முன்னறையில் இரண்டு மயில்கள் பசை ஈரம் காயாமல் நின்றிருந்தன. ஆள் உயரத்துக்குப் பலகையில் வெட்டி, உடம்பெல்லாம் நீல வெல்வெட் பூசிய மயில்கள். விழுப்புரத்தில் ஒரு கல்யாண வரவேற்பு மேடையில் இடமும் வலமுமாக நிற்க வேண்டியவை. "நாளைக்கு மத்தியானம் வரைக்கும் ஒரு கொசு கூட இதும்மேல ஒக்காரக் கூடாது" என்று புருஷனிடம் நேரிலும் அண்ணனிடம் போனிலும் சொல்லிவிட்டுத்தான் அவள் படுக்கப் போனாள்.

கொசு உட்காரவில்லை. அண்ணன்தான் வந்தான்.

காலையில் மலர்விழி கேப்பை அரைக்க மில்லுக்குப் போன நேரம் பார்த்து வந்தான். அவள் மாவுத் தூக்கோடு திரும்பியபோது முன்னறை வெறிச்சென்று கிடந்தது. மயில்கள் நின்ற இடத்தில் தரையில் நீலத் தூள் மட்டும் இருந்தது.

"மச்சான் வந்தாரு. வண்டி கொண்டாந்தாரு. தூக்கிக்கினு போயிட்டாரு" என்றான் தேவசகாயம். ஒலக்கூர் பக்கம் மோட்டார் ரிப்பேருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவன், பாதி மாட்டிய சட்டையோடு நின்றான்.

"காயலன்னு சொல்லலியா நீ?"

"சொன்னேன். பார்ட்டி காலையிலயே பாக்கணும்னு நிக்கறாங்கன்னாரு. உங்க அண்ணன் வந்து கேக்கறாரு, நான் இன்னா கையப் புடிச்சா இழுக்கறது?"

இழுத்திருக்க வேண்டும். அந்தக் கைதான் இந்த வாரத்துக் கதை.

இந்தக் குடும்பத்துக்குள் இன்றைக்குத்தான் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. மலர்விழி கல்யாணத்துக்கு முன்னால் புதுச்சேரியில் நகைப்பெட்டி செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவள். பெட்டிக்குள் விரலை வைத்தால் பூனைக்குட்டி முதுகு மாதிரி இருக்குமே, அந்தப் பூச்சு அவள் கைவேலை. கல்யாணமாகித் திண்டிவனம் வந்த பிறகு பழைய மிஷின் ஒன்றை வாங்கிப்போட்டு வீட்டிலேயே தொடங்கினாள். அவளுடைய அண்ணன் ஆரோக்கியராஜ் விழுப்புரத்தில் நாற்காலியும் சீரியல் பல்பும் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தவன். தங்கச்சி செய்து கொடுத்த அன்னப்பறவைகளை மேடையில் நிறுத்திய நாளிலிருந்து பெரிய டெகரேஷன்காரன் ஆகிவிட்டான். கடை போர்டில் 'ராஜ் டெகரேட்டர்ஸ்' என்று இருக்கும். "ஆரோக்கியத்த எங்கண்ணா தொலைச்ச?" என்று அப்போதே மலர்விழி கேலி செய்தாள். இடம் பத்தவில்லை என்றான். அவளும் சிரித்துவிட்டு விட்டுவிட்டாள். அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும்.

வெல்வெட் பூச்சு என்றால் துணியை வெட்டி ஒட்டுவதில்லை. பலகையில் பசை தடவி, அது காய்வதற்குள் நைலான் தூளைப் பறக்கவிடுவது. தூள் என்று பேருக்குச் சொல்கிறோம்; பார்த்தால் ஒவ்வொன்றும் பொடியாக நறுக்கிய முடி. மிஷின் கைக்கு அடக்கமாக இருக்கும். முன்வாயில் சல்லடை, பின்னால் ஒரு ஒயர், ஒயரின் நுனியில் எர்த் கிளிப். கிளிப்பைப் பலகையில் மாட்டிவிட்டு சுவிட்சைத் தட்டினால் அத்தனை முடியும் பாய்ந்துபோய்ப் பசையில் நிமிர்ந்து நிற்கும்.

இதை முதல்முறை பார்த்தபோது அவள் அம்மா அம்சவள்ளி, "அட, இது நாத்து நடற வேலதாண்டி. இடுப்பு ஒடியாம நடற" என்றாள். அடுத்தவர் கழனியில் ஆயுசெல்லாம் நாற்று நட்டவள், அவளுக்குத் தெரியாதா. நாற்று வேர் பிடிக்கும்வரை வயலில் கால் வைக்கக் கூடாது. இங்கே கை வைக்கக் கூடாது. வைத்தால் முடியெல்லாம் அப்படியே படுத்துவிடும், பசை இறுகிய பிறகு சாமியே வந்தாலும் எழுப்ப முடியாது.

மாவுத் தூக்கைக் கீழே வைக்கும்போதே போன் அடித்தது.

"மலரு, ஜல்தி மிஷின எடுத்துக்கினு மண்டபத்துக்கு வா."

"இன்னாண்ணா ஆச்சு?"

"ஒண்ணும் இல்ல. வலப்பக்கத்து மயிலு கழுத்துல லேசா ஒரு தடம். லோடு எறக்கினவன் எவனோ கைய வெச்சிட்டான்."

"காயலன்னு தலபாடா அடிச்சிக்கினேனா இல்லியா?"

"வந்து திட்டிக்க. சாயங்காலம் ரிசப்ஷன். பார்ட்டி மூஞ்சியே சரியில்ல." கொஞ்சம் நிறுத்தினான். "அப்பறம் மலரு... அங்க வந்து என்ன அண்ணான்னு கூப்டாத."

"இன்னாது?"

"சார்னு கூப்டு. காரணம் கீது, அப்பால சொல்றேன். வெச்சிடறேன்."

மலர்விழி போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். சாராமே! இவனுக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையால் விசிறிக்கொண்டு ராத்திரியெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் அவள். இவன் சட்டையில் காக்காக் கடி கடித்துக் கொடுத்த மல்லாட்டைக் கடலை உருண்டையைத் தின்று வளர்ந்தவள். அந்த வாயால் சார் என்று கூப்பிட வேண்டுமாம்.

"இன்னா சொல்றாரு மச்சான்?" என்றான் தேவசகாயம்.

"மச்சான் இல்லயாம் இப்போ. சாராம்."

தேவசகாயம் சிரிக்கப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, மிஷினைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக் கொடுத்தான்.

பஸ்ஸில் மடியில் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். விக்கிரவாண்டி டோல்கேட்டில் லாரிகள் வரிசை கட்டி நின்றன. பஸ் ஆமையாக ஊர்ந்தது. வயிற்றெரிச்சலை எத்தனை நேரம்தான் அடக்குவது? அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்சவள்ளி மகனோடு விழுப்புரத்தில் இருக்கிறாள்.

"அம்மா, உம்புள்ள என்ன சார்னு கூப்டச் சொல்றான்."

"தெரியும்டி" என்றாள் அம்சவள்ளி.

"தெரியுமா? உனக்குமா?"

"கத்தாத. கண்டாச்சிபுரம் பார்ட்டிடி அவங்க. நெலம் நீச்சுன்னு இருக்கறவங்க. மயிலு எங்க செய்யறீங்கன்னு கேட்டிருக்காங்க. சென்னைல ஒரு கம்பெனின்னு சொல்லியிருக்கான்."

"ஏன், திண்டிவனம்னா வாய் வெந்துடுமா?"

"திண்டிவனம்னா அத்தோட வுடுவாங்களா? எந்தப் பக்கம், யாரு வூடு, எந்தத் தெருன்னு நோண்டுவாங்க. போன தையில வந்த ஒரு பார்ட்டி அப்பிடித்தான் அவன் வூட்டக் கேட்டு, இங்க விழுப்புரத்துல நேர்ல வந்து நம்ம தெருவப் பாத்துட்டு, அப்பால வர்றோம்னு போனவங்கதான். இன்னிய வரைக்கும் வர்ல. ஒனக்கு மனசு கஷ்டமாவும்னுதான் சொல்லாம வுட்டான்."

மலர்விழிக்கு ஒரு சந்தேகம் வந்தது. கேட்கவே பயமாக இருந்தது.

"இந்தப் பார்ட்டிக்கு மட்டுமா, எல்லாருக்குமேவா சென்னைக் கம்பெனி?"

"எல்லாருக்கும்தான்."

"அன்னப்பறவை?"

"அதுவும்தான். வுடுடி. அவன் பொழைக்கணும்ல?"

"அப்ப நான்?"

"நாங்க நட்டதெல்லாம் எங்க பேரச் சொல்லிக்கினா வெளைஞ்சிது? அறுத்தவன் பேருதான். பழகிக்கினு போ மலரு."

"அது உங்க காலம்மா. அங்கயாவது நட்டவ வேற, அறுத்தவன் வேற. இங்க அறுக்கறது என் கூடப் பொறந்தவன்."

போனை அணைத்தாள். பக்கத்து சீட்டுக்காரம்மா திரும்பிப் பார்த்தாள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தது மலர்விழிக்கு. ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் அண்ணன் போன் பண்ணி, "சூப்பர்னு சொன்னாங்க மலரு, அசந்துட்டாங்க" என்பான். அன்றெல்லாம் அவளுக்குச் சோறு இறங்காது, அத்தனை சந்தோஷம். தன்னைத்தான் சொன்னார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தாளே. யாரையோ சொல்லியிருக்கிறார்கள். இல்லாத ஒரு கம்பெனியைச் சொல்லியிருக்கிறார்கள். கண்ணாடி ஜன்னலில் நெற்றியை முட்டிக்கொண்டு விழுப்புரம் வரைக்கும் வந்தாள்.

மண்டபத்து வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஆரோக்கியராஜ் முன்வாசலில் நிற்கவில்லை. சமையல்கட்டுப் பக்கமாக நின்று கையசைத்தான். தும்பைப்பூ சட்டை, காதில் எதையோ மாட்டியிருந்தான். தங்கச்சியைப் பார்த்ததும் முகத்தில் நிம்மதி வந்தது. அதை அப்படியே துடைத்துவிட்டு, பக்கத்தில் ஆள் இருக்கிறது என்பதற்காக, "வாங்க, வாங்க" என்றான்.

வாங்க! அடித்திருந்தால்கூட இப்படி வலித்திருக்காது.

மேடைக்குக் கீழே பெண்ணின் அப்பா சுப்பராயலு நின்றிருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு. கெட்ட மனிதர் என்று முகத்தில் எழுதியிருக்கவில்லை. மகள் கல்யாணத்துக் கவலைதான் தெரிந்தது.

"கம்பெனி ஆளு வந்தாச்சுங்க" என்றான் ஆரோக்கியராஜ்.

"சென்னைலருந்தாம்மா வர்ற? பாவம், அவ்ளோ தூரம். யாருப்பா அங்க, அம்மாவுக்குக் காபி கொண்டாங்க."

காபி வந்தது. பளபளவென்று தேய்த்த எவர்சில்வர் டம்ளர், டபரா. கொண்டுவந்த அம்மாள் சிரித்த முகமாக, "சக்கரை போதுமா பாருங்க" என்றாள். மலர்விழி அந்தக் காபியைப் பார்த்தாள். இது யாருக்கு வந்த காபி? எனக்கா, சென்னைக்கா? ஊர்ப்பேரைச் சொன்னால் இதே டம்ளரில் வந்திருக்குமா? காபியை மேடை ஓரத்தில் வைத்துவிட்டு மயிலிடம் போனாள்.

"மயிலு ரெண்டும் அருமையா கீதும்மா. குத்தம் சொல்ல முடியாது" என்று சுப்பராயலு பின்னாலேயே வந்தார். "அந்தக் கைதான். எம்பொண்ணு கலைப்பிரியா காலைல பாத்துட்டு ஒரே அழுகை. லைட்டு போட்டா பளிச்சுனு தெரியுது. போட்டோவுல காலத்துக்கும் நிக்கும்ல?"

"கம்பெனில காயறதுக்கு முன்னாடியே அனுப்பிட்டாங்கங்க. அவங்க மிஸ்டேக்குதான்" என்றான் ஆரோக்கியராஜ்.

மலர்விழி திரும்பி அவனைப் பார்த்தாள். அவன் மேடை லைட்டைப் பார்த்தான்.

தொட்டிலையும் ஆட்டிவிட்டுப் பிள்ளையையும் கிள்ளிவிடுவது என்று கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே பிள்ளையைக் கிள்ளிவிட்டு, கிள்ளியது பெற்றவள்தான் என்கிறான்.

அவள் மயில் கழுத்தருகே குனிந்தாள். அகலமான உள்ளங்கை. விரல்கள் விரிந்து கழுத்தை வளைத்திருந்தன. கீழே விழுந்துவிடுமோ என்று பயந்து கழுத்தைப் பிடித்துத் தூக்கிய கை. முடியெல்லாம் படுத்து, அந்த இடம் மட்டும் கறுத்துக் கிடந்தது. மோதிர விரலின் அடியில், உள்ளங்கைப் பக்கம், சின்னதாக இன்னொரு தடம். நேராக ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. அது ஒரு சிலுவை.

மலர்விழிக்கு அதைத் தெரியும். புதுச்சேரிப் பட்டறையில் கிடைத்த முதல் போனஸில் அவள் வாங்கிய வெள்ளி மோதிரம் அது. மேலே சிலுவை புடைத்து நிற்கும். அண்ணன் கடை திறந்த அன்று அவளே அவன் விரலில் போட்டுவிட்டாள். சிலுவை வெளியே தெரிகிறாற்போலத்தானே மோதிரத்தைப் போடுவார்கள்? உள்ளங்கைப் பக்கம் எப்படி வந்தது?

ஆரோக்கியராஜின் கையைப் பார்த்தாள். விரலில் வெறும் வளையம்தான் தெரிந்தது. அப்போது புரிந்தது. பார்ட்டி முன்னால் நிற்கும்போதெல்லாம் சிலுவையை உள்ளே திருப்பிவிடுகிறான். வெளியே தெரியக் கூடாது என்று மறைத்ததுதான் மயில் கழுத்தில் அச்சாக விழுந்திருக்கிறது.

"லோடு எறக்கினவங்க மோதிரம் போட்டிருந்தாங்களா... சார்?" என்றாள்.

ஆரோக்கியராஜின் கை முதுகுக்குப் பின்னால் போனது. குனிந்து அவள் காதருகே, "மலரு, வேணாம். இந்த ஒரு ஆர்டரு முடியட்டும். கால்ல வுழறேன்" என்றான்.

சுப்பராயலு மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தார். "இன்னாப்பா இது? கைக்கு நடுவுல கூட்டல் குறி மாதிரி?"

"கம்பெனி மார்க்குங்க அது" என்றான் ஆரோக்கியராஜ்.

இதற்கு என்ன சொல்வது? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோயிலில் முன்வரிசையில் நின்று பாடுகிறவன். சொன்ன பொய்க்கு அவன் காது சிவந்ததைப் பார்த்தபோதும் மலர்விழிக்கு இரக்கம் வரவில்லை. பையிலிருந்து பிளேடை எடுத்தாள். கழுத்து முழுவதையும் சுரண்டி எடுத்துவிட்டு, கழுத்தடியில் ஒட்டிய ஜரிகைப் பட்டை வரைக்கும் புதிதாகப் பூச வேண்டும். அப்போதுதான் ஒட்டுப் போட்டது தெரியாது. விரல் தடங்களைச் சுரண்டினாள். உள்ளங்கையைச் சுரண்டினாள். சிலுவையைக் கடைசி வரைக்கும் தொடாமல் விட்டிருந்தாள். பிறகு அதையும் தன் கையாலேயே சுரண்டி எடுத்தாள். நீலத் தூள் புடவையில் கொட்டியது. வேலையில் இருக்கும்போது அழக் கூடாது, கண்ணீர் பட்டால் தூள் கட்டியாகிவிடும். அதனால் அழவில்லை.

உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். சீக்கிரம் காய்கிற பசையைக் கலந்து கழுத்தெல்லாம் ஒரே சீராகத் தடவினாள். மிஷினில் தூளை நிரப்பினாள். கிளிப்பை மாட்டலாம் என்று பின்பக்கம் கையை விட்டால், தேவசகாயம் அடித்துக் கொடுத்திருந்த ஆணி இல்லை. வண்டியில் ஏற்றும்போது பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது.

"ஒருத்தர் வந்து இந்தக் கிளிப்ப இந்த எடத்துல அழுத்திப் புடிக்கணும். கையில லேசா சுள்ளுனு இருக்கும். ஒண்ணும் ஆவாது. ஜல்தி வாங்க, பசை தோலு கட்டிடும்" என்றாள்.

சுள்ளுனு என்றதும் மேடையில் இருந்த கூட்டம் ஓரடி பின்னால் போனது. லைட் கட்டுகிற சின்னதுரை, நாளெல்லாம் கரண்டோடு கிடப்பவன், "நமக்கு வேணாம்பா, வூட்ல புள்ளக்குட்டி கீது" என்று ஏணியில் ஏறிக்கொண்டான். யாரோ சிரித்தார்கள்.

அந்தக் கிளிப்பைப் பிடித்துப் பழகிய ஒரே ஆள் அங்கே நின்றுகொண்டிருந்தான். தொடங்கிய காலத்தில் இரண்டு பேருமாகத்தானே செய்தார்கள். அன்னப்பறவைக்கு அவன் கிளிப்பைப் பிடிப்பான், அவள் மிஷினைப் பிடிப்பாள். தூள் பறந்து அவன் மீசையெல்லாம் வெள்ளையாகி, கிழவன் மாதிரி இருமிக் காட்டி அவளைச் சிரிக்க வைப்பான்.

பசை மினுமினுப்புக் குறைய ஆரம்பித்தது.

"அண்ணா, வந்து புடி" என்றாள் மலர்விழி.

வாய் தவறிச் சொன்னாள் என்று நினைக்க வேண்டாம். அழுத்தமாக, மேடைக்குக் கீழே நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவர்களுக்கும் கேட்கிறாற்போலச் சொன்னாள்.

ஆரோக்கியராஜ் ஒரு கால் எடுத்து வைத்தான். அப்புறம் நின்றுவிட்டான்.

"அண்ணனா? யாரும்மா உனக்கு அண்ணன்?" என்றார் சுப்பராயலு.

மலர்விழி மிஷினை ஏந்தியபடி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நீ சொல். நான் சொல்லி நீ தலையாட்டக் கூடாது. நீயே சொல்.

"அது ஒண்ணும் இல்லீங்க" என்று ஆரோக்கியராஜ் சிரித்தான். "கம்பெனி லேபருங்க எல்லாரையும் அண்ணான்னுதான் கூப்புடுவாங்க."

மலர்விழி சுட்டுவிரலால் பசையைத் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒட்டவில்லை. தோல் கட்டிவிட்டது. இனிமேல் தூளைக் கொட்டினால் ஒரு முடிகூட நிற்காது, எல்லாம் தரைக்குத்தான் போகும்.

பிளக்கைப் பிடுங்கினாள். ஒயரைச் சுற்றினாள். மிஷினைத் துணியில் பொதிந்து பையில் வைத்தாள். மொட்டைக் கழுத்தோடு மயில் நின்றது.

"ஏம்மா, பாதில வுட்டுட்டு எங்க போற?" சுப்பராயலு பதறினார்.

"கம்பெனி மூடியாச்சு, சார்."

சார் என்றதை அவரைப் பார்த்துச் சொல்லவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேடைப் படியில் இறங்கி நாற்காலி வரிசைக்கு நடுவே நடந்தாள். சமையல்கட்டுப் பக்கமாக அல்ல, முன்வாசலைப் பார்த்துப் போனாள். யாருடைய மண்டபமோ, யாருடைய கல்யாணமோ, நாசமாய்ப் போகட்டும் என்று மனசு கொதித்தது. அடுத்த நிமிஷமே, அழுத அந்தக் கலைப்பிரியா என்ன பாவம் பண்ணினாள் என்றும் அதே மனசு கேட்டது. கேட்கட்டும்.

"மலரு!"

அவள் நிற்கவில்லை.

"மலரு, நில்லு மலரு!"

மேடையிலிருந்து யாரோ குதிக்கிற சத்தம் கேட்டது. வாழைமரத்துக்கு இரண்டடி இருக்கும்போது சுப்பராயலுவின் குரல் வந்தது. "பேரச் சொல்லிக் கூப்புடறியே? யாருப்பா அந்தப் பொண்ணு?"

மலர்விழி நின்றாள். திரும்பவில்லை.

சீரியல் பல்பு கட்டுகிறவர்கள்கூடக் கையை நிறுத்திவிட்டார்கள். சமையல்கட்டில் மட்டும் அப்பளம் பொரிகிற சத்தம் கேட்டது.

"என் தங்கச்சிங்க" என்றான் ஆரோக்கியராஜ். "கூடப் பொறந்தவ. சென்னையும் இல்ல, கம்பெனியும் இல்லீங்க, திண்டிவனத்துல அவ வூடுதான். நீங்க பாத்துட்டு ஆர்டர் குடுத்தீங்களே அன்னப்பறவை, அதுலருந்து எல்லாமே அவ செஞ்சதுதான். காயறதுக்கு முன்னாடி தூக்கியாந்தது நானு. மயிலு கழுத்துல இருந்த கை என்னுதுங்க."

மலர்விழி மெல்லத் திரும்பினாள். அண்ணன் நாற்காலி வரிசைக்கு நடுவே நின்றிருந்தான். கையை முன்னால் நீட்டியிருந்தான். மோதிரம் நேராகியிருந்தது.

இதைத்தானே கேட்டாள்? காலையிலிருந்து நெஞ்சில் எரிந்தது இப்போது அடங்கியிருக்க வேண்டும். கொஞ்சம் அடங்கியதும் உண்மைதான்.

சுப்பராயலு அவன் நீட்டிய கையைப் பார்த்தார். மோதிரத்தைப் பார்த்தார். கூட்டல் குறி என்னவென்று இப்போது அவருக்கும் விளங்கியிருக்கும். துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். கோபமாக ஒரு வார்த்தை வரவில்லை. காபி கொண்டுவரச் சொன்ன அதே மரியாதையான குரலில்தான் கேட்டார்.

"அப்படியா சேதி. திண்டிவனமா நீங்க? திண்டிவனத்துல எந்தப் பக்கம்? எந்தத் தெரு?"

ஆரோக்கியராஜ் நீட்டிய கை கீழே இறங்கியது.

இந்த ஒரு கேள்விக்குத்தான் அவன் பெயரில் பாதியை வெட்டியிருக்கிறான். இதற்குத்தான் சென்னையில் இல்லாத கம்பெனியைக் கட்டியிருக்கிறான், விரலில் மோதிரத்தைத் திருப்பியிருக்கிறான், தங்கச்சியை லேபர் என்றிருக்கிறான். அண்ணன் மேல் இருந்த கோபம் போகவில்லை. அதற்கு வீட்டில் தனியாக ஒருநாள் இருக்கிறது. ஆனால் இப்போது அதைவிடப் பெரிய கோபம் ஒன்று அவள் அடிவயிற்றிலிருந்து எழுந்து வந்தது. மயில் அருமையாக இருக்கிறது, குற்றம் சொல்ல முடியாது என்று இந்த வாய்தானே சொன்னது? அதற்கு மேல் தெரு எதற்கு?

மலர்விழி வந்த வழியே திரும்பி நடந்தாள். யாரோ நாற்காலியை நகர்த்தி வழிவிட்டார்கள். மேடை ஓரத்தில் அவள் வைத்துவிட்டுப் போன காபி ஆடை கட்டிக்கொண்டு அப்படியே இருந்தது. பையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு அண்ணன் பக்கத்தில், தோளோடு தோள் இடிக்க நின்றாள்.

"கேக்கறாரு இல்ல, சொல்லுண்ணா" என்றாள். "தெருப் பேரையும் சேத்துச் சொல்லு."